பூஸ்ட் கேஜ் வைத்தால் வாரண்டி போய்விடுமாம்!

கொஞ்சம் நீளமான பதிவு. நேரம் இருப்பவர்கள் படியுங்கள். இல்லாதவர்கள் வழக்கம்போல லைக் போட்டுவிட்டுப் போகலாம், கோபித்துக்கொள்ள மாட்டேன்.

போன ஞாயிற்றுக்கிழமை பழைய மாணவன் ஒருவன் வீட்டுக்கு வந்திருந்தான். பிளஸ் டூவில் என்னிடம் இயற்பியல் படித்தவன். இப்போது ஒரகடம் பக்கம் ஓர் உதிரிபாகக் கம்பெனியில் ஷிப்ட் வேலை. என்னடா வேலை என்று கேட்டேன். லீக் டெஸ்ட் என்றான். வார்ப்பில் வந்த பாகத்தை மெஷினில் பொருத்தி, துளைகளையெல்லாம் அடைத்து, உள்ளே காற்றை ஏற்றி, அழுத்தம் இறங்குகிறதா என்று பார்க்க வேண்டும். இறங்கினால் அந்தப் பாகம் சிவப்புத் தொட்டிக்குப் போகும். இறங்காவிட்டால் அடுத்த மேசைக்கு. எட்டு மணி நேரமும் அழுத்தம் காட்டுகிற எண்ணைப் பார்த்துக்கொண்டிருப்பதற்குத்தான் அவனுக்குச் சம்பளம்.

அவனிடம் செகண்ட் ஹேண்டில் வாங்கிய ஒரு டர்போ பெட்ரோல் கார் இருக்கிறது. மூன்று சிலிண்டர், ஒரு லிட்டர் இன்ஜின். கம்பெனிப் பெயர் வேண்டாம். கூடுதல் பணம் கட்டி நீட்டித்த வாரண்டி இன்னும் ஒரு வருஷம் பாக்கி. வாங்கிய மாதமே ஒரு பூஸ்ட் கேஜ் வாங்கி டாஷ்போர்டில் வைத்தான். அப்போது வண்டலூர் - வாலாஜாபாத் சாலையில், ரோடு காலியாக இருக்கிற விடியற்காலையில், மூன்றாவது கியரில் முழுசாக மிதித்தால் முள் 0.9 பார் வரைக்கும் போகும். எட்டு மாதம் கழித்து அதே ரோடு, அதே நேரம், அதே கியர், ஆனால் முள் 0.6ஐத் தாண்டவில்லை. ஏறுவதும் மெதுவாகத்தான். பிக்கப்பும் குறைந்திருந்தது.

சர்வீஸ் சென்டருக்குப் போயிருக்கிறான். ஸ்கேனரைச் சொருகிப் பார்த்தார்கள். பிழை எதுவும் பதிவாகவில்லை. "எல்லாம் நார்மல் சார்." இவன் விடாமல், முன்பு 0.9 காட்டியது, இப்போது 0.6தான் காட்டுகிறது என்று கேஜைக் கை காட்டியிருக்கிறான். அங்கேதான் மாட்டிக்கொண்டான். அட்வைசர் உடனே போனை எடுத்து கேஜைப் படம் பிடித்தார். பானெட்டைத் திறந்து, டி ஜாயின்ட் போட்ட இடத்தைப் படம் பிடித்தார். "வெளியில ஃபிட்டிங் பண்ணியிருக்கீங்க. இன்ஜின் வாரண்டி போச்சு சார்." அவ்வளவுதான். காரில் என்ன கோளாறு என்ற கேள்வி அந்த நிமிஷத்தோடு காணாமல் போய்விட்டது.

கேஜுக்குப் போகிற மெல்லிய ஹோஸ்தான் கசிகிறதோ என்று அவர்கள் சந்தேகப்பட்டிருந்தால், அது நியாயமான சந்தேகம். நானே முதலில் அதைத்தான் கேட்டேன். ஆனால் அதைத் தெரிந்துகொள்ளப் பத்து நிமிஷம் போதும். டி ஜாயின்டைக் கழற்றி, பழைய ஹோஸை நேராக மாட்டி, ஒரு ரவுண்டு ஓட்டிப் பார்த்தால் விஷயம் வெளியே வந்துவிடும். இவன் வீட்டிலேயே அதைச் செய்து பார்த்துவிட்டுத்தான் போயிருக்கிறான். பிக்கப்பில் ஒரு மாற்றமும் இல்லை. அதைச் சொன்னபோது காதில் வாங்க ஆள் இல்லை.

கடைசியில் ரோட்டோர மெக்கானிக் ஒருவர், காற்றுக் குழாய்களில் வெளியிலிருந்து அழுத்தம் ஏற்றி, சோப்புத் தண்ணீர் தெளித்துக் கண்டுபிடித்தார். இன்டர்கூலரிலிருந்து த்ராட்டிலுக்குப் போகிற ரப்பர் ஹோஸில், கிளாம்ப் கடிக்கிற இடத்தில், விரல் நகம் அளவுக்கு ஒரு பிளவு. சும்மா பார்த்தால் தெரியாது, அழுத்தம் ஏறும்போதுதான் வாய் திறக்கும். கம்பெனி போட்ட ஹோஸ், கம்பெனி போட்ட கிளாம்ப். கேஜுக்கும் அதற்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. செலவு இவன் கையிலிருந்து.

"நாள் பூரா கேஜைப் பார்த்து ஓட்டை இருக்கிற பார்ட்டை ஒதுக்குறதுக்குச் சம்பளம் கொடுக்கிறாங்க சார். என் கார்ல ஒரு கேஜ் வெச்சா தப்புங்கிறாங்க" என்றான். எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை.

இதை எங்கள் வாட்ஸப் குழுவில் எழுதினேன். வந்த பதில்கள்தான் இந்தப் பதிவுக்குக் காரணம். "அதெல்லாம் பசங்க ஷோவுக்கு வைக்கிறது சார்" என்றார் ஒருவர். "எல்லாத்தையும் கம்ப்யூட்டர் பார்த்துக்கும், நமக்கு எதுக்கு?" என்றார் இன்னொருவர். என்னோடு வேலை பார்த்த ஆசிரியர் ஒருவரே "கம்பெனி ரூல்னா ரூல்தானே" என்று எழுதினார். அவருக்கும் சேர்த்துத்தான் எழுதுகிறேன்.

முதலில் கேஜ் என்ன காட்டுகிறது என்று பார்ப்போம். புகைக் குழாயில் வெளியேறுகிற சூடான வாயு ஒரு சக்கரத்தைச் சுற்றுகிறது. அதே அச்சில் மறுமுனையில் இருக்கிற சக்கரம் வெளிக்காற்றை அமுக்கி இன்ஜினுக்குள் தள்ளுகிறது. டர்போ என்பது இவ்வளவுதான். நம்மைச் சுற்றி இருக்கிற காற்றின் அழுத்தம் ஏறக்குறைய ஒரு பார். கேஜ் 0.9 காட்டினால், அதற்கு மேல் இன்னொரு 0.9 ஏறியிருக்கிறது என்று அர்த்தம். அதாவது கிட்டத்தட்ட இரண்டு மடங்கு. ஒரு லிட்டர் இன்ஜின் ஒன்றரை லிட்டர் இன்ஜின் போல இழுப்பதற்கு இதுதான் காரணம். அந்தக் காருக்கு நாம் கூடுதலாகக் கொடுத்த பணமே இந்த 0.9க்குத்தான். எண்ணெய்க் கடையில் தராசு முள்ளைத் துணி போட்டு மூடிவிட்டு "நம்புங்க, சரியா இருக்கு" என்றால் வாங்கிக்கொண்டு வருவோமா?

சும்மா நிற்கும்போது அதே முள் பூஜ்யத்துக்குக் கீழே, மைனஸ் 0.6, 0.7 என்று நிற்கும். அந்த இடத்தில் ஆடாமல் நின்றால் நல்லது. நடுங்கினாலோ, மெல்ல மெல்ல மேலே வந்தாலோ எங்கேயோ காற்று புகுகிறது, அல்லது வால்வில் ஏதோ கோளாறு. டர்போ வருவதற்கு முன்பே பழைய மெக்கானிக்குகள் வேக்குவம் கேஜ் ஒன்றை வைத்துக்கொண்டு பாதி நோயைச் சொல்லிவிடுவார்கள்.

முள் கேஜுக்குள்ளே இருப்பது பெரும்பாலும் போர்டன் குழாய். பிரான்ஸ் நாட்டு யூஜின் போர்டன் 1849இல் கண்டுபிடித்தது. வகுப்பில் இதற்கு நான் திருவிழாக் கடையில் விற்கிற காகித ஊதலைக் கொண்டுபோவேன். ஊதினால் சுருள் நீளும், விட்டால் சுருண்டுகொள்ளும். உலோகத்தில் செய்த ஊதல், அதன் நுனியில் ஒரு முள், கேஜ் தயார். 170 வருஷத்துக்கு மேலாக ரயில் இன்ஜினிலும் அரிசி மில் பாய்லரிலும் இருந்துவருகிற சாமான் இது. அழுத்தமானி இல்லாத பாய்லரை நம் நாட்டுச் சட்டமே ஓட விடாது. ஷோவுக்கு வைக்கிறதாம், ஷோவுக்கு!

நம் ஊர் பஸ்ஸில் முன் சீட்டில் உட்கார்ந்தவர்களுக்கு ஒன்று ஞாபகம் இருக்கும். காலையில் இன்ஜினை ஓட விட்டுவிட்டு டிரைவர் உடனே கிளம்ப மாட்டார். டாஷ்போர்டில் காற்று அழுத்தம் காட்டுகிற முள் ஏறும்வரை காத்திருப்பார். பிரேக்குக்குப் போதுமான காற்று டேங்கில் சேர்ந்தால்தான் கியர். அவர் பெரிய படிப்புப் படித்தவர் இல்லை. அந்த முள்ளைப் படிக்கத் தெரிந்தவர். "நமக்கு எதுக்கு" என்று அவர் இருந்திருந்தால் நாம் எல்லாரும் என்ன ஆகியிருப்போம்?

இப்போது எனக்கு உண்மையிலேயே கோபம் வருகிற இடம். இந்தக் கார்களில் அழுத்தத்தை அளக்கிற சென்சார் ஏற்கனவே இருக்கிறது. மேனிஃபோல்டில் கம்பெனியே வைத்திருக்கிறது. அது இல்லாமல் டர்போவை எவ்வளவு அமுக்க விடுவது என்று கம்ப்யூட்டரால் முடிவெடுக்க முடியாது. ஒரு நொடிக்குள் எத்தனையோ தடவை அளந்துகொண்டே இருக்கிறது. ஸ்டியரிங்குக்குக் கீழே இருக்கிற ஓபிடி சாக்கெட்டில் கையடக்கமான ஒரு கருவியைச் சொருகி, போனில் ஒரு ஆப்பைத் திறந்தால் அந்த எண் வந்து நிற்கிறது. (அதில் வருவது முழு அழுத்தம். சென்னையில் 100 கிலோபாஸ்கல் சுமாரும், ஊட்டியில் 77 சுமாரும் கழித்துக்கொள்ளுங்கள். கேஜ் அழுத்தத்துக்கும் முழு அழுத்தத்துக்கும் என்ன வித்தியாசம் என்று வகுப்பில் பின் பெஞ்சில் தூங்கியவர்கள் இப்போதாவது தெரிந்துகொள்ளலாம்.)

ஆக, எண் இருக்கிறது. காட்டுவதற்குத் திரையும் இருக்கிறது. கையகலத் திரை, பாட்டு போட்டால் பாடகர் படம் வரும், கதவைத் திறந்தால் கலர் கலராக விளக்கு மாறும். சில மாடல்களில் பூஸ்ட் அழுத்தத்தையும் காட்டத்தான் செய்கிறார்கள், எனவே முடியாத காரியம் இல்லை. மற்றதில் வேண்டாம் என்று யாரோ ஒருவர் முடிவு செய்திருக்கிறார். பழைய அம்பாசடரில் ஆயில் அழுத்தத்துக்கு முள் இருந்தது. இன்றைக்குப் பல கார்களில் இன்ஜின் சூட்டுக்குக்கூட முள் இல்லை, விளக்குதான். முள் வருகிற ஆபத்தைச் சொல்லும். விளக்கு வந்துவிட்ட ஆபத்தைச் சொல்லும்.

கம்ப்யூட்டர் பார்த்துக்கொள்ளும் என்பவர்களுக்கு. பார்த்துக்கொள்ளும், நிஜம்தான். நான் மறுக்கவில்லை. அழுத்தம் எல்லை மீறினால் குறைக்கும், ரொம்பக் குறைந்தால் பி0299 என்று ஒரு குறியீட்டைப் பதிந்து விளக்கைப் போடும். ஆனால் அந்த "ரொம்ப" எவ்வளவு என்று கம்பெனி தீர்மானித்திருக்கிறது. அதற்குள் அடங்குகிற சின்னக் கசிவை கம்ப்யூட்டர் உங்களிடம் சொல்லாது. தானே சமாளிக்கும். எப்படி? வேஸ்ட்கேட்டை இன்னும் மூடி, டர்போவை இன்னும் வேகமாகச் சுழற்றி, வெளியே போகிற காற்றுக்கு ஈடுகட்டும். நிமிஷத்துக்கு லட்சம் சுற்றுக்கு மேல் சுழல்கிற சாமானைக் கூடுதலாக விரட்டிக்கொண்டே, டாஷ்போர்டில் எல்லாம் நலம் என்று காட்டிக்கொண்டிருக்கும். காய்ச்சல் வந்த பிள்ளை மாத்திரையைப் போட்டுக்கொண்டு பரீட்சை எழுத வருகிற மாதிரி. ஒருநாள் டர்போவே போகும். அதற்குள் வாரண்டி முடிந்திருக்கும். யாருக்கு லாபம் என்று நான் சொல்ல வேண்டுமா?

நாம் இருக்கிற ஊரைக் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். இருங்காட்டுக்கோட்டையில் 1998இலிருந்து ஹூண்டாய் கார் செய்கிறது. ஒரகடத்தில் ரெனோ நிசான் ஆலை 2010இல் வந்தது. மேக்னைட்டும் கைகரும் டர்போவோடு அங்கிருந்துதான் வெளியே போகின்றன. மறைமலை நகரில் ஃபோர்டு 2013இலேயே ஒரு லிட்டர் டர்போ இன்ஜினோடு ஈக்கோஸ்போர்ட் விட்டது. கோயம்புத்தூர்ப் பக்கம் பெரியநாயக்கன்பாளையத்தில் பிரிக்கால் வாகனங்களுக்கு மீட்டர் செய்கிறது. கார் இங்கே, மீட்டர் இங்கே, இரண்டையும் செய்கிற கை நம் பிள்ளைகளுடைய கை. அழுத்தத்தைப் படிக்கத் தெரியாதவன் அந்த ஆலைக்குள் ஒரு ஷிப்ட் தாங்க மாட்டான். கேட்டுக்கு வெளியே வந்து சொந்தக் காரில் ஏறியதும் அவனுக்கு ஒன்றும் தெரியாது, தெரியவும் கூடாது. இது என்ன நியாயம்?

ஸ்ரீபெரும்புதூரில் பிறந்தவர் ராமானுஜர். திருக்கோஷ்டியூரில் குரு ரகசியமாகச் சொல்லிக்கொடுத்த மந்திரத்தை, யாருக்கும் சொல்லக் கூடாது என்ற கட்டளையை மீறி, ஊரையே கூப்பிட்டு உரக்கச் சொன்னார் என்பது வைணவ மரபு சொல்கிற கதை. நான் கோயிலுக்கு அடிக்கடி போகிற ஆள் இல்லை. ஆனாலும் அவர் பிறந்த ஊரில், காருக்குள் இருக்கிற ஒரு காற்றழுத்த எண்ணைக் காசு கொடுத்தவனுக்குக் காட்டாமல் வைத்திருக்கிறார்கள் என்றால் சிரிப்பதா அழுவதா தெரியவில்லை.

சரி, "ரூல்". அந்த ஆசிரிய நண்பருக்கு. 2014 ஆகஸ்ட் 25இல் இந்தியப் போட்டி ஆணையம் 14 கார் கம்பெனிகளுக்கு மொத்தம் சுமார் 2,545 கோடி ரூபாய் அபராதம் போட்டது. ஃபோர்டும் நிசானும் அதில் இருந்தன. உதிரிபாகத்தையும் பழுது பார்க்கிற தகவலையும் வெளி மெக்கானிக்குகளுக்குத் தராமல் பூட்டி வைத்தார்கள் என்பது குற்றச்சாட்டு. அந்த உத்தரவில் வாரண்டி பற்றியும் ஆணையம் சொன்னது: வெளியில் வேலை பார்த்தார் என்ற ஒரே காரணத்துக்காக மொத்த வாரண்டியையும் ரத்து செய்யக் கூடாது, வெளியில் செய்த தவறான வேலையால் என்ன சேதம் வந்ததோ அந்த அளவுக்குத்தான் மறுக்கலாம். கம்பெனிகள் மேல்முறையீடு, நீதிமன்றம் என்று போயின, அது வேறு கதை. அந்த வழக்கு பழுது பார்ப்பது பற்றியது, கேஜ் பற்றியது அல்ல என்பதும் எனக்குத் தெரியும். ஆனால் நியாயம் ஒன்றுதான். என் கேஜ் உன் ஹோஸைக் கிழித்தது என்று காட்டு, நான் வாயை மூடிக்கொள்கிறேன். காட்ட முடியவில்லை என்றால் ஹோஸை மாற்றிக் கொடு.

அமெரிக்காவில் 1975லேயே இதற்குச் சட்டம் வந்துவிட்டது. இங்கே 2022 ஜூலையில் நுகர்வோர் விவகாரத் துறை, பழுது பார்க்கும் உரிமைக்காக ஒரு குழு அமைத்தது. வாகனங்களும் அதன் பட்டியலில் உண்டு. குழு அமைத்தாகிவிட்டது, இணையதளமும் வந்துவிட்டது. சர்வீஸ் சென்டர் கவுன்டர் வரைக்கும் அது வந்து சேர்வதற்குள் என் மாணவன் ரிட்டயர் ஆகிவிடுவான் போலிருக்கிறது.

பதிவெண் புத்தகத்தில் இருக்கிற எந்த விவரமும் கேஜ் வைப்பதால் மாறுவதில்லை. இன்ஜின் சக்தி கூடுவதில்லை, புகை கூடுவதில்லை, சத்தம் கூடுவதில்லை. கேஜ் எதையும் செய்வதில்லை, பார்க்கிறது, அவ்வளவுதான். டர்போ அழுத்தத்தை ஏற்றுவதற்காக கம்ப்யூட்டரையே திருத்துகிறார்களே, அது வேறு. அதற்கு வாரண்டி தர மாட்டேன் என்றால் நான் கம்பெனி பக்கம்தான் நிற்பேன். இரண்டையும் ஒரே கூடையில் போடுவதுதான் மோசடி. வீட்டில் தெர்மாமீட்டர் வைத்திருப்பவனையும் தானே ஊசி போட்டுக்கொள்பவனையும் ஒன்றாகத் திட்டுகிற டாக்டரை எங்கேயாவது பார்த்திருக்கிறீர்களா?

கம்பெனி வாரண்டியை நம்பியே காலத்தை ஓட்டிவிடலாம் என்று நினைப்பவர்கள் மறைமலை நகர் வரைக்கும் ஒரு நடை போய்வாருங்கள். 2021 செப்டம்பரில் ஃபோர்டு இந்தியாவில் உற்பத்தியை நிறுத்துவதாக அறிவித்தது, அடுத்த வருஷம் அந்த ஆலை ஓய்ந்தது. ஒரகடம் ஆலையில் நிசானின் பங்கையும் ரெனோவே வாங்கிக்கொள்கிறது என்று 2025இல் அறிவித்தார்கள். வருவார்கள், போவார்கள், பெயர்ப்பலகை மாறும். காரை வைத்துக்கொண்டு நிற்பவர்கள் நாம்தான். அப்போது நமக்கு மிஞ்சுவது ரோட்டோர மெக்கானிக்கும் டாஷ்போர்டில் ஒரு முள்ளும்.

இனி நம் தம்பிகளுக்கு. கைதட்டிவிட்டு ஓடிவிடாதீர்கள், உங்களுக்கும் திட்டு இருக்கிறது. கம்பெனிக்காரர்கள் கேஜைக் கண்டதும் பயப்படுவதற்கு நீங்களும் ஒரு காரணம்.

முன் கண்ணாடிக்குப் பக்கத்துத் தூணில் கேஜைத் திருகி வைக்கிறீர்களே, பக்கவாட்டு ஏர்பேக் இருக்கிற கார்களில் அது விரிகிற பாதை அந்தத் தூண் வழியாகத்தான். விபத்தில் ஏர்பேக்குக்கு முன்னால் அந்த கேஜ் உங்கள் முகத்துக்கு வரும். தூண் பக்கமே போகாதீர்கள். டாஷ்போர்டு மேலே, பார்வையை மறைக்காத இடத்தில் வையுங்கள். அங்கேயும் முன் சீட்டு ஏர்பேக் திறக்கிற மூடியை விட்டு விலகி.

பிரேக் பூஸ்டருக்குப் போகிற ஹோஸை வெட்டி டி ஜாயின்ட் போடுவதை இரண்டு மூன்று கார்களில் என் கண்ணால் பார்த்தேன். சுலபமாகக் கைக்கு எட்டுகிறது என்று செய்கிறார்கள். அந்த ஹோஸ் கசிந்தால் பிரேக் கல்லாகிவிடும். போதாக்குறைக்கு அந்த வழியில் ஒருவழி வால்வு இருக்கும், அதற்கு அந்தப் பக்கம் மாட்டினால் கேஜ் பூஸ்டைக் காட்டவே காட்டாது. த்ராட்டிலுக்குப் பிறகு, மேனிஃபோல்டிலிருந்து நேராக வருகிற ஹோஸில்தான் எடுக்க வேண்டும். சில புதிய கார்களில் அப்படி ஒரு ஹோஸே இருக்காது. வெட்ட இடம் தேடாதீர்கள், ஓபிடி சாக்கெட்டில் போட்டுப் பாருங்கள், போதும்.

ஹோஸ் சிலிகான் ஹோஸாக இருக்கட்டும், மீன் தொட்டிக் குழாய் வேண்டாம். டர்போ, புகைக் குழாய் இருக்கிற பக்கம் போகவே கூடாது. ஃபயர்வாலில் ஏற்கனவே இருக்கிற ரப்பர் கிரோமெட் வழியாக உள்ளே கொண்டுவாருங்கள், புதிதாகத் தகரத்தில் ஓட்டை போட்டு விளிம்பில் ஹோஸை அறுக்க விடாதீர்கள். இரண்டு முனையிலும் கிளாம்ப். கரன்ட்டை ஃபியூஸ் பாக்ஸிலிருந்து தனி ஃபியூஸ் வைத்து எடுங்கள். கம்பெனி ஒயரைச் சுரண்டி டேப் சுற்றுகிற வேலை செய்தால் முதல் மழைக்கே தெரியும் கதை. அப்படிச் செய்துவிட்டு வாரண்டி கேட்டுப் போனால் எந்த முகத்தோடு கேட்பீர்கள்?

வைத்த பிறகு முதல் ஒரு மாதம் எண்ணைக் குறித்து வையுங்கள். எந்த ரோடு, எந்த கியர், காலையா மத்தியானமா, ஏசி ஓடியதா. மே மாதம் மத்தியானம் காட்டுவதும் மார்கழிக் காலையில் காட்டுவதும் ஒன்றாக இருக்காது. உங்கள் காருக்கு எது சாதாரணம் என்று தெரியாமல், கேஜை வெறித்துப் பார்த்துக்கொண்டு ரோட்டைக் கோட்டை விடுபவனுக்கு கேஜ் எதற்கு? என் மாணவன் ஒரு பழைய டைரியில் எழுதி வைத்திருந்தான். 0.9 என்று அவன் சொன்னதை நான் நம்பியதே அந்த டைரியைப் பார்த்த பிறகுதான்.

வாரண்டி கிடையாது என்று வாயால் சொன்னால் ஏற்காதீர்கள். எந்த பாகத்துக்கு மறுக்கிறார்கள், வெளியில் செய்த எந்த வேலை எந்தச் சேதத்துக்குக் காரணம் என்று ஜாப் கார்டில் எழுதித் தரச் சொல்லுங்கள். பாதிப் பேர் எழுத மாட்டார்கள். எழுதினால் அதை எடுத்துக்கொண்டு நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாம்.

இவன் எழுதி வாங்காமல் வந்துவிட்டான். மெக்கானிக் கொடுத்த ரசீது, கிழிந்த ஹோஸ், டைரி மூன்றும் இருக்கிறது. அவற்றை வைத்துப் புகார்க் கடிதம் ஒன்று இருவரும் உட்கார்ந்து எழுதினோம். கேஜைக் கழற்றிவிட்டு அனுப்பலாமா சார் என்று கேட்டான். வேண்டாம், கேஜ் இருக்கிறது என்று முதல் வரியிலேயே எழுது என்றேன். ஹோஸ் மாற்றிய பிறகு எவ்வளவு காட்டுகிறது என்று கேட்டதற்கு, நேற்று காலை ஷிப்ட் முடிந்து போன் செய்தான். 0.9 வந்துவிட்டதாம்.